டிவி விவாதத்தைப் பாத்துட்டு ஓட்டை மாத்திப் போட்டவங்க யாராச்சும் இருக்காங்களா?

#1 மன்னைக்காரன்

ரொம்ப நாளா மனசுல கிடக்குற கேள்வி. 2024 செப்டம்பர் 11, காலைல ஆறரை மணி. அமெரிக்காவுல அப்ப 10ஆம் தேதி ராத்திரி ஒன்பது. எங்க ஊரு டீக்கடையில சர்க்கரை டப்பா மேல ஒரு போனைச் சாய்ச்சு வச்சு, ஏழெட்டுப் பேரு நின்னுக்கிட்டே கமலா ஹாரிஸ் - டிரம்ப் விவாதம் பாத்தோம். துளசேந்திரபுரம் எங்களுக்குப் பக்கம். அந்தம்மாவோட தாத்தா கோபாலன் ஊரு அது. தர்மசாஸ்தா கோயில்ல நன்கொடை குடுத்தவங்க பேரு வெட்டியிருக்குற கல்லுல அந்தம்மா பேரும் இருக்கு. அதனால சொந்தக்காரப் பொண்ணு மேடை ஏறுன மாதிரிதான் எங்களுக்கு.

பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா யாரு தடுமாறுறா, யாரு நிமிந்து நிக்குறான்னு முகத்தைப் பாத்தே சொல்லிட்டாங்க. ஸ்பிரிங்பீல்டுல குடியேறிங்க "நாயைத் திங்குறாங்க"ன்னு டிரம்ப் சொன்னதை நான் தமிழ்ல சொன்னதும் டீ மாஸ்டர் வடிகட்டியைத் தூக்கிப் பிடிச்சபடியே "நெசமாவா சொன்னாரு?"ன்னாரு.

அன்னைக்கே சிஎன்என் எடுத்த கணிப்புல, பாத்தவங்கள்ல 63 சதவீதம் பேரு ஹாரிஸ்தான் ஜெயிச்சாங்கன்னாங்க. டிரம்புக்கு 37. பாத்தது ஆறரைக் கோடிப் பேருக்கு மேல. நவம்பர்ல என்ன ஆச்சு? மாநில வாரியாக் கிடைக்குற தேர்வாளர் ஓட்டுல 312க்கு 226, டிரம்ப்.

அப்ப அந்த ஒன்றரை மணி நேரம் எதுக்கு? அதைப் பாத்து மனசு மாறுற வாக்காளர்னு ஒருத்தர் நெசமாவே இருக்காரா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 எடிசன்வாசி

அண்ணே, இருக்காங்க. 1960 கென்னடி - நிக்சன் ஒண்ணு போதாதா? செப்டம்பர் 26, சிகாகோ ஸ்டுடியோ. நிக்சன் முட்டியில அடிபட்டு, சீழ் வச்சு, ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தவர். உடம்பு இளைச்சு சட்டைக் காலர் தொளதொளன்னு இருந்துச்சு. போட்டிருந்த சாம்பல் கோட்டு பின்சுவரோட கலந்துபோச்சு. கென்னடி வெயில்ல கறுத்து மினுமினுன்னு வந்து உக்காந்தாரு. ரேடியோவுல கேட்டவங்க நிக்சன் ஜெயிச்சார்னாங்க, டிவியில பாத்தவங்க கென்னடின்னாங்க. தேர்தல்ல வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம் ஓட்டு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

#3 எண்கணக்கன்

இந்த ரேடியோ கதையை யாராச்சும் சொல்லிடுவாங்கன்னு தெரியும், ரெண்டாவது பதிவுலயே வந்துடுச்சு :)

எடிசன் சார், அந்தக் கதைக்கு ஆதாரமா இருக்குறது கிட்டத்தட்ட ஒரே ஒரு கணிப்பு. சிண்ட்லிங்கர்னு ஒரு நிறுவனம் எடுத்தது. மொத்தம் 2,138 பேரு, அதுல ரேடியோவுல கேட்டவங்க 282 பேருதான். யாரு ஜெயிச்சான்னு கருத்துச் சொன்னவங்க அதுலயும் கம்மி. 1960ல அமெரிக்க வீடுகள்ல பத்துக்கு ஒன்பதுல டிவி வந்தாச்சு. அப்புறமும் ரேடியோவுல கேட்டவங்க யாரா இருக்கும்? டிவி சரியா எட்டாத கிராமப்புறம், புராட்டஸ்டன்ட் ஜனங்க. கத்தோலிக்கரான கென்னடியை முன்னாடியே பிடிக்காதவங்களா அவங்க இருந்திருக்கலாம்னு 1987ல வேன்சில், பென்டெல்னு ரெண்டு ஆய்வாளர்கள் எழுதிட்டாங்க. நிக்சன் குரல் ஜெயிச்சுதா, இல்ல நிக்சன் ஆளுங்கதான் ரேடியோ கேட்டாங்களான்னு அந்தக் கணிப்பை வச்சுச் சொல்லவே முடியாது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிடுறேன். 2003ல டிரக்மேன்ங்குற ஆய்வாளர் கல்லூரிப் பசங்கள ரெண்டாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு அதே விவாதத்தைப் படத்தோடவும் இன்னொண்ணுக்கு ஒலி மட்டுமாவும் போட்டுக் காட்டினார். படம் பாத்தவங்க கென்னடி பக்கம் கொஞ்சம் கூடுதலாச் சாஞ்சாங்க. ஆக, முகத்துக்கு வேலை உண்டு. ஆனா "யாரு நல்லாப் பண்ணாங்க" வேற, "யாருக்குப் போடுவீங்க" வேற. உங்க டீக்கடை முதல் கேள்விக்குச் சரியாவே பதில் சொல்லியிருக்கு.

#4 கீரைக்கட்டு

அப்ப நிக்சன் தாடி தெரியக்கூடாதுன்னு பூசுன பவுடர் வேஸ்ட்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

#5 பழையபேப்பர்

தம்பி எண்கணக்கன், எல்லாவற்றையும் கணிப்பு என்று தள்ளிவிட முடியாது. நான் 1979இல் படிக்க ஹூஸ்டன் போனவன். ஓட்டு கிடையாது, வேடிக்கை பார்க்கத் தடையும் கிடையாது. 1980 அக்டோபர் 28 இரவு விடுதியின் பொது அறையில் நாற்பது பேர் தரையில் உட்கார்ந்து கார்ட்டர் - ரீகன் விவாதம் பார்த்தோம். அந்தத் தேர்தலில் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் நின்றது அந்த ஒரே முறை. தேர்தலுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது.

அதுவரை ரீகன் என்றால் "நடிகர், அணுகுண்டைப் போட்டுவிடுவார்" என்ற பேச்சுதான் எங்கள் விடுதியில். அன்று மனிதர் பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி நின்றார். ஜனாதிபதியாக இருந்த கார்ட்டர் புள்ளிவிவரமாக அடுக்க, இவர் சிரித்துக்கொண்டே "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா" என்கிற தொனியில் ஒரு வரி. கடைசியில் ஜனங்களைப் பார்த்து, "நாலு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார். விலைவாசி 13 சதவீதம் ஏறியிருந்த வருஷம் அது. என் அறைத்தோழன் அயோவாக்காரன், கார்ட்டருக்குப் போடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் காபி போட்டான். மறுவாரம் ரீகனுக்குப் போட்டான். 44 மாநிலம் ரீகனுக்கு. நான் கண்ணால் பார்த்த சாட்சி சொல்கிறேன்.

#6 எண்கணக்கன்

ஐயா, உங்க அயோவாக்காரரை நம்புறேன். அவரை மாதிரி ஆளுங்க இல்லவே இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா அந்தக் கடைசி வாரத்துல வேற என்ன நடந்துச்சுன்னும் பாருங்க. ஈரான்ல 52 அமெரிக்கர்கள் பணயக்கைதியா இருந்தாங்க. தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஈரான் நாடாளுமன்றம் விடுவிக்கிறதுக்கு நிபந்தனை போட்டுச்சு. தேர்தல் நாளான நவம்பர் 4, தூதரகத்தைப் பிடிச்சு சரியா ஒரு வருஷம் முடிஞ்ச நாள். டிவியைத் திறந்தா ஆண்டு நினைவுதான் ஓடியிருக்கும். காபி போட எழுந்தது விவாதத்தாலயா இருக்கலாம், ஓட்டுப் போட்டது அதனாலதானான்னு எப்படிப் பிரிப்பீங்க?

அதனாலதான் ஒரு தேர்தலை மட்டும் வச்சுப் பேசக்கூடாதுங்குறேன். லெ பெனெக், போன்ஸ்னு ரெண்டு பேரு 1952ல இருந்து பத்து நாடுகள், 62 தேர்தல்கள் எடுத்துப் பாத்தாங்க. ஒரே ஆளைத் தேர்தலுக்கு முன்னாடியும் பின்னாடியும் கேட்ட கணிப்புகள். கடைசி ரெண்டு மாசத்துல மனசை முடிவு பண்ணுறவங்க கணிசமாவே இருக்காங்க. அது நூத்துக்கு 17ல இருந்து 29 வரை. ஆனா 56 டிவி விவாதங்களுக்கு முந்தின நாளையும் பிந்தின நாளையும் ஒப்பிட்டா, விவாதத்தால நகர்ந்த தடயமே கிடைக்கலை. மனசு மாறுது. விவாதம் அன்னைக்கு மாறலை.

#7 பட்டிமன்ற ரசிகை

அன்னைக்கு மாறலை, சரி. மறுநாள்? இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம்.

1976 அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோ. ஃபோர்டு - கார்ட்டர் ரெண்டாவது விவாதம். நியூயார்க் டைம்ஸ் நிருபர் மேக்ஸ் ஃபிராங்கல் கேட்ட கேள்விக்கு ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் கிடையாதுன்னு சொல்லிட்டார். பனிப்போர் நடுவுல! அந்த நிருபருக்கே காதை நம்ப முடியாம, "நான் சரியாத்தான் கேட்டேனா" என்கிற மாதிரி திரும்ப ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார். ஃபோர்டு அதையும் விட்டுட்டு, போலந்துக்காரங்க தங்களை அடிமைன்னு நினைக்கலைன்னு இன்னும் ஒருபடி மேல போறார்.

இதுல ருசிகரமான விஷயம், அன்னைக்கு ராத்திரி ஃபோர்டு தரப்பு போன் போட்டுக் கேட்டப்ப ஜனங்க பெருசா ஒண்ணும் நினைக்கலை. ஃபோர்டு பரவாயில்லைன்னுதான் சொல்லியிருக்காங்க. மறுநாள் முழுக்கப் பேப்பரும் டிவியும் அந்த ஒரு வாக்கியத்தையே போட்டு உலுக்குச்சு. சாயங்காலம் கேட்டா அதே விவாதத்துல கார்ட்டர் அமோகமா ஜெயிச்சுட்டார்! பாத்த கண்ணு அதேதான், தீர்ப்பு மட்டும் வேற. ஃபோர்டு தப்பை ஒத்துக்கவே பல நாள் எடுத்தார், அதுவரைக்கும் அது செய்தியாவே ஓடுச்சு.

நம்ம பட்டிமன்றத்துல நடுவர் இருக்கார். எந்த அணி எப்படிப் பேசினாலும் கடைசியில அவர் எழுந்து, ஒரு கதை சொல்லி, தீர்ப்புக் கொடுத்துடுவார், நாமளும் பாயைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிடுவோம். அமெரிக்க விவாதத்துல நெறியாளருக்குத் தீர்ப்புச் சொல்ற வேலை கிடையாது. அந்தக் காலி நாற்காலியில மறுநாள் டிவிக்காரங்க போய் உக்காந்துக்கிறாங்க. விவாதம் மாத்துதான்னு கேக்குறதைவிட, யாரு நடுவரானாங்கன்னு கேக்கணும்னு தோணுது.

கைதட்டலும் அப்படித்தான். 1984ல ரீகனுக்கு 73 வயசு. முதல் விவாதத்துல தடுமாறிட்டு, ரெண்டாவதுல "எதிராளியோட இளமையையும் அனுபவக் குறைவையும் அரசியலுக்குப் பயன்படுத்த மாட்டேன்"னு சொன்னார். அரங்கம் அதிர்ந்துச்சு, எதிர்ல நின்ன மாண்டேலே சிரிச்சுட்டார். அந்த விவாதத்துல இந்த மாதிரி வரிகளை அப்படியே விட்டு, அரங்கத்துச் சிரிப்பை மட்டும் வெட்டிட்டுப் பல வருஷம் கழிச்சு ஆய்வுக்காகப் போட்டுக் காட்டினப்போ, ரீகனுக்கு மதிப்பெண் சரிஞ்சுபோச்சு. நாம கேக்குறது பேச்சையா, பக்கத்து நாற்காலிக்காரர் சிரிப்பையா?

#8 கீரைக்கட்டு

அதே 1976ல பிலடெல்பியாவுல நடந்த முதல் விவாதத்துல ஒலி போயிடுச்சு. 27 நிமிஷம் ரெண்டு பேரும் மேடையில சிலை மாதிரி நின்னாங்க. உக்காரவும் இல்லை, ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பேசவும் இல்லை. என்னைக் கேட்டா அதுதான் நேர்மையான விவாதம்.

#9 தென்றல்_கோவை

நம்ம ஊர்லயும் முதல்வர் வேட்பாளருங்களை இப்படி மேடையேத்தி நிக்க வச்சா என்னங்க? இங்க டிவியில எட்டுப் பேரு ஒரே நேரத்துல கத்துறதுக்கு அது தேவலைங்களே...

#10 எண்கணக்கன்

அதுக்குத் தனி இழை திறங்க, இங்க ஆரம்பிச்சா அம்பது பக்கம் போயிடும்.

ரசிகை அக்கா சொன்னது சரிதான், ஆனா அங்கயும் ஒரு கண்ணி இருக்கு. 2012 அக்டோபர் 3, டென்வர். ஒபாமா குனிஞ்சு குறிப்பெழுதிக்கிட்டே இருந்தார், ராம்னி வெளுத்து வாங்கினார். கேலப் கணிப்புல பாத்தவங்கள்ல 72 சதவீதம் பேரு ராம்னி ஜெயிச்சார்னாங்க, ஒபாமாவுக்கு 20. மறுநாளே கருத்துக்கணிப்புகள்ல ராம்னி ஏறினார். ஆகா, விவாதம் நாட்டையே புரட்டிடுச்சுன்னு எழுதினாங்க.

அந்தச் சமயத்துல எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டி வழியா தினமும் ஒரு கணிப்பு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதே ஆளுங்க திரும்பத் திரும்பப் பதில் சொல்ற கணிப்பு. கெல்மன்னு ஒரு புள்ளியியல் ஆய்வாளரோட குழு அதை எடுத்து நோண்டினப்போ தெரிஞ்சது இதுதான்: விவாதத்துக்கு அப்புறம் ஒபாமா ஆளுங்க ராம்னிக்கு மாறலை. பதில் சொல்றதைக் கொஞ்ச நாள் நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான். மேட்ச் தோத்த மறுநாள் ஆபீஸ்ல கிரிக்கெட் பேச்சு எடுத்தா எழுந்து போயிடுவோம்ல, அப்படி. ராம்னி ஆளுங்க உற்சாகமாப் பதில் சொன்னாங்க. சதவீதம் ஆடுச்சு, ஓட்டு அப்படி ஆடலை. நவம்பர்ல ஒபாமா 51, ராம்னி 47.

2004ல கெர்ரி மூணு விவாதமும் ஜெயிச்சார்னாங்க, தேர்தல்ல தோத்தார். 2016ல ஹிலாரியும் அதே கதை.

#11 எடிசன்வாசி

என் ரேடியோ கதை போச்சு, பரவாயில்லை. இப்ப நானே பாத்த ஒண்ணைச் சொல்றேன், இது உங்க கட்சிக்குத்தான் உதவும்.

2024 செப்டம்பர் விவாதம் முடிஞ்ச அடுத்த சனிக்கிழமை நானும் வீட்டுக்காரம்மாவும் டெலவேர் ஆத்தைத் தாண்டி பென்சில்வேனியா பக்ஸ் கவுன்டியில வீடு வீடாப் போனோம், ஹாரிஸுக்கு ஓட்டுக் கேட்டு. நாங்க இருக்குற நியூஜெர்சி எப்படியும் ஜனநாயகக் கட்சிக்குத்தான், அங்க கேட்டு என்ன ஆகப்போகுது, அதான் ஆத்துக்கு அந்தப்பக்கம். கையில பட்டியல், ஒவ்வொரு வீட்டுக்கும் பேரு, வயசு. ஒரு வீட்டுல அம்பது வயசுக்காரர், கராஜ்ல வண்டிக்கு அடியில படுத்திருந்தவர், கையைத் துடைச்சுக்கிட்டே வந்தார். மரியாதையான மனுஷன், தண்ணி பாட்டில்கூடக் கொடுத்தார். விவாதம் பாத்தீங்களான்னு என் வீட்டுக்காரம்மா கேட்டாங்க.

"முழுக்கப் பாத்தேன். உங்க ஆளு பின்னி எடுத்துட்டாங்க. இவரு உளறிட்டாரு."

எங்களுக்கு ஒரே சந்தோஷம். பேனாவை எடுத்துட்டேன்.

"ஆனா நான் இவருக்குத்தான் போடுவேன்"ன்னார். ஏன்னு கேட்டோம். முட்டை விலை, வீட்டுக்கடன் வட்டி, பையனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கலை. "விவாதம் நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு ஆறுதல் மாதிரி திரும்ப ஒரு தடவை சொல்லிட்டு வண்டிக்கு அடியில போயிட்டார். அதுக்கப்புறம் மூணு வீட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லை.

#12 லாச்சப்பல் லோகன்

நான் பாரிசில இருக்கிறன். இஞ்ச ஜனாதிபதித் தேர்தலில ரெண்டாம் சுற்றுக்கு முன்னம் ஒரே ஒரு விவாதம், 1974இல இருந்து வழக்கம். ஆர் எவ்வளவு நேரம் கதைச்சவை எண்டு மணிக்கூடு வைச்சு அளப்பினம்.

2017 மே 3 விவாதம் பாத்தனான். மக்ரோனுக்கு எதிராய் நிண்ட தீவிர வலதுசாரி வேட்பாளர் லு பென் முன்னால கோப்புகளைக் குவிச்சு வைச்சுக் கிளறிக்கொண்டே இருந்தவ. அல்ஸ்தோம் எண்ட கொம்பனி விஷயத்தையும் எஸ்எஃப்ஆர் எண்ட கொம்பனி விஷயத்தையும் மாறிக் கதைச்சுப்போட்டா, மக்ரோன் உடனே பிடிச்சிட்டார். அடுத்த நாள் கடையில, பேருந்தில எல்லாம் அந்தக் கதைதான். மக்ரோன் 66 வீதம் எடுத்தார். ஆனா விவாதத்துக்கு முதலே அவர் அறுபதுக்குக் கிட்ட நிண்டவர்.

இதுக்கு நேரெதிர் 2002. ஷிராக், லு பென்னின்ர தகப்பனோட ஒரு மேசையில இருக்கவே மாட்டன் எண்டு விவாதத்துக்கே வரேல்லை. 82 வீதம் எடுத்து வெண்டார். வாயே திறக்காமல் கிடைச்ச வெற்றி.

#13 பழையபேப்பர்

எல்லாம் சரி. 2024 ஜூன் 27 அட்லாண்டாவில் நடந்த பைடன் - டிரம்ப் விவாதத்தை யாரும் தொடவில்லையே? ஒரு விவாதம், ஒரு ஜனாதிபதியையே வீட்டுக்கு அனுப்பியது. இதற்குப் பிறகும் "ஒன்றும் மாறாது" என்று எண்ணைக் காட்டினால் எப்படித் தம்பி?

#14 எண்கணக்கன்

ஐயா, அதைத்தான் கடைசிக்கு வச்சிருந்தேன். ஏன்னா என் கட்சியை உடைக்கிறதும் அதுதான், காப்பாத்துறதும் அதுதான்.

அன்னைக்கு பைடன் குரல் கம்மி, வாய் பிளந்து நின்னார், "மெடிகேரை (வயசானவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஒழிச்சுக் கட்டிட்டோம்"னு வாக்கியத்தைத் தடம் மாறி முடிச்சார். சிஎன்என் கணிப்புல 67 சதவீதம் டிரம்ப் ஜெயிச்சார்னாங்க. ஆனா அதே கணிப்புல, யாருக்கு ஓட்டுங்குற முடிவு இதனால மாறிடுச்சுன்னவங்க வெறும் 5 சதவீதம். நாடு தழுவிய கணிப்புகளோட சராசரியிலயும் அடுத்த மூணு வாரத்துல நகர்ந்தது ரெண்டு மூணு புள்ளிதான். அமெரிக்க வரலாத்துலயே மோசமான விவாதத்துக்கு வாக்காளர் கொடுத்த தண்டனை அவ்வளவுதான்!

அப்ப பைடனை வீட்டுக்கு அனுப்புனது யாரு? ஜூலை 2, டெக்சாஸ் எம்.பி. லாயிட் டாகெட் சொந்தக் கட்சித் தலைவரையே விலகச் சொன்னார். 10ஆம் தேதி நடிகர் ஜார்ஜ் குளூனி பேப்பர்ல எழுதினார். பைடனுக்கு நிதி திரட்டின விழாவை ஒரு மாசம் முன்னாடி நடத்துனவர்கள்ல அவரும் ஒருத்தர். பணம் கொடுக்கிறவங்க கையை இழுத்துக்கிட்டாங்க. ஜூலை 21 விலகல். மனசு மாறுனது வாக்காளருக்கு இல்லை, கட்சிக்காரங்களுக்கு. பைடனுக்கு வயசாயிடுச்சுன்னு வாக்காளர் ரெண்டு வருஷமா கணிப்புகள்ல சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. கட்சி மேலிடத்தால அதைக் கேக்காத மாதிரி நடிக்க முடியாமப் போனது அந்த ராத்திரிதான்.

இதுல கொடுமை என்னன்னா, முன்கூட்டியே விவாதம் வைக்கணும்னு மே மாசம் கேட்டதே பைடன் தரப்புதான். வழக்கமா செப்டம்பர், அக்டோபர்ல, கட்சி மாநாடு முடிஞ்சு வேட்பாளர் உறுதியான அப்புறம்தான் நடக்கும். அப்ப சொதப்பினா மாத்த வழியில்லை, மூடி மறைச்சுத்தான் ஆகணும். ஜனநாயகக் கட்சி மாநாடு ஆகஸ்ட்ல இருந்ததால ஜூன் விவாதத்துக்கு அப்புறம் ஆளை மாத்த நேரம் இருந்துச்சு. அதே பேச்சு அக்டோபர்ல நடந்திருந்தா, ரெண்டு புள்ளி இறங்கிட்டு அப்படியே தேர்தலுக்குப் போயிருப்பாங்க.

#15 பட்டிமன்ற ரசிகை

ஒப்புக்கறேன். ஆனா ஒரு திருத்தம். வேட்பாளர் யாருன்னே தெரியாத இடத்துல வாக்காளரே மாறுறாங்க. சியரா லியோன்ல 2012ல நாடாளுமன்ற வேட்பாளர்களைப் பேச வச்சுப் படம் பிடிச்சு, ஊர் ஊரா இரவுல திரை கட்டிக் காட்டினாங்க. நம்ம ஊர் திருவிழாப் படம் மாதிரி. காட்டின ஊர்கள்ல, நல்லாப் பேசினவருக்கு ஓட்டு சில புள்ளி கூடுச்சு, காட்டாத ஊர்கள்ல அப்படி இல்லை. அமெரிக்காவுலயே உள்கட்சித் தேர்தல்ல பாருங்க. 2011 நவம்பர்ல ரிக் பெர்ரி, மூணு அரசுத் துறையை மூடுவேன்னு விரலை விட்டு எண்ணி, மூணாவது மறந்துபோய் "ஊப்ஸ்"னு நின்னார். ஏற்கெனவே சரிஞ்சுக்கிட்டு இருந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அங்க எல்லாரும் ஒரே கட்சி, இவர் இல்லைன்னா அவர், மாறுறது சுலபம். டிரம்ப், பைடன் மாதிரி பத்து வருஷமாத் தெரிஞ்ச முகத்தைப் பத்தி ஒன்றரை மணி நேரத்துல புதுசா என்ன தெரிஞ்சுக்கப் போறாங்க?

#16 பழையபேப்பர்

அப்படியென்றால் என் அயோவாக்காரனும் இதில் அடங்குகிறான். கார்ட்டரை அவனுக்குப் பிடிக்காமல் போய் வருஷம் ஒன்றாகியிருந்தது. ரீகனைப் பார்த்துப் பயம். அன்று பயம் போனது. மனம் மாறவில்லை, தைரியம் வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். இத்தனை வருஷம் அதை "மாறினான்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#17 மன்னைக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்குக் காலைல டீ மாஸ்டர்கிட்ட சொன்னேன். அவ்வளவு கேவலமான விவாதத்துக்கு அப்புறமும் நூத்துக்கு அஞ்சு பேருதான் மாறுனேன்னு சொன்னாங்களாம்னு. கொஞ்ச நேரம் ஆத்திக்கிட்டே இருந்துட்டு, "அந்த அஞ்சு பேரு எந்த ஊரு?"ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியலை. 2016ல டிரம்ப் ஜெயிச்சதே மூணு மாநிலத்துல சேர்த்து எண்பதாயிரத்துக்கும் கம்மியான ஓட்டுலதானே முடிஞ்சுச்சு?

#18 எண்கணக்கன்

ஆமா, மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா. அவரு கேட்டதுக்கு என்கிட்டயும் பதில் இல்லை. அந்தக் கணிப்புல கேட்டது ஐந்நூத்திச் சொச்சம் பேரை. அஞ்சு சதவீதம்னா முப்பது பேரு தேறாது. அதுல பென்சில்வேனியாக்காரங்க எத்தனைன்னு பாத்தா ஒரு கை விரல்ல எண்ணிடலாம்.